கீழாநெல்லியும் கீமோவும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வரப்பெல்லாம் கீழாநெல்லி. புதுச்சேரி ஜிப்மரில் கீமோ ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவருக்கு, பக்கவிளைவு குறையும் என்று சொல்லி அதை அரைத்துக் கொடுக்க யாராவது ஒரு சித்தி இருப்பார். சித்தி சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் புற்றுச்செல்லோடு நல்ல செல்களின் டி.என்.ஏ.வையும் சிதைக்கின்றன. திருச்சூர் அமலா ஆய்வு மையத்தில் 2005இல் கீழாநெல்லிச் சாறு எலிகளிடம் அந்த நச்சைத் தணித்தது. 2008இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில், அப்பிஜெனின் என்ற தாவரப்பொருள் மனித லிம்போசைட் செல்களில் இத்தகைய மருந்துகளால் வரும் குரோமோசோம் சேதத்தைக் குறைத்தது. ஆனால் கேடயம் ஆள் பார்த்துக் காப்பதில்லை. 2002இல் அமெரிக்க ஆய்வொன்றில், மஞ்சளிலுள்ள குர்குமின் மார்பகப் புற்றுச்செல்களையே கீமோவிடமிருந்து தப்பவைத்தது! (குழம்பில் போடும் சிட்டிகை மஞ்சளைச் சொல்லவில்லை, மாத்திரையாக விழுங்கும் குர்குமின் வேறு.) சோதனைக்கூடத் தட்டிலும் எலியிலும் கிடைத்த முடிவைக் காட்டி, ‘பக்கவிளைவே வராது’ என்று பொடி விற்பதை வியாபாரம் என்றுதான் சொல்வேன். சாறோ பொடியோ, எதைக் குடித்தாலும் கீமோ கொடுக்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.