யார் எழுதிய கதை அது?

அமானுஷ்யக் கதைகளைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை நெஞ்சார நேசிக்கும் ரசிகர்கள் இருவர் சந்தித்துவிட்டால், அவர்களுடைய சம்பாஷணை நடிகர்களிடத்தில் வெகுநேரம் தங்குவதில்லை. பறக்கும் விமானத்தின் இறக்கைமேல் ஒரு விகார உருவத்தைக் கண்டு நடுங்கிய பிரயாணியைப் பற்றி ஒருவர் தொடங்கினால், அது மேத்திசன் எழுதியதல்லவா என்று மற்றவர் இடைமறிப்பார். அதன்பின் பேச்செல்லாம் எழுத்தாளர்களைப் பற்றியதாகவே ஆகிவிடும். இதனை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. திரையில் இரண்டு விநாடி தோன்றி மறையும் ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குரிய கற்பனா சக்தியை இனம்கண்டு பேசுகிற ரசிகர், தம்மை அறியாமலே ஒரு நியாயத்தைச் செய்துகொண்டிருக்கிறார் என்பதே என் எண்ணம்.

அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 1959 அக்டோபர் 2ஆம் தேதி ஒளிபரப்பத் தொடங்கி, 1964 வரை 156 கதைகளை வழங்கிய 'ட்வைலைட் ஸோன்' என்ற தொடரே இத்தகைய பேச்சுக்கு இன்றளவும் வற்றாத ஊற்று. அதைச் சிருஷ்டித்த ராட் செர்லிங் இரண்டாம் உலக யுத்தத்தில் பாராசூட் படைவீரராகப் பிலிப்பைன்ஸில் போரிட்டவர். தொலைக்காட்சி நாடகாசிரியராகப் பெரும்புகழ் பெற்றபின் இத்துறைக்கு வந்தவர். 1955இல் மிஸிஸிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டதையும், கொன்றவர்கள் விடுதலையானதையும் கண்டு மனம் கொதித்து அவர் எழுதிய நாடகம், விளம்பரதாரர்களின் அச்சத்தினால் ஊர் மாற்றப்பட்டு, இனம் மறைக்கப்பட்டு, கடைசியில் உயிரற்ற உருவமாக 1956இல் ஒளிபரப்பாயிற்று. நேராகச் சொல்ல இயலாததை வேற்றுக் கிரகத்தின்மீதும் ஆவிகளின்மீதும் ஏற்றிச் சொல்லலாம் என்ற உபாயத்தில் அவருடைய நம்பிக்கை வலுப்பட்டதற்கு இந்த அனுபவம் முக்கியமான காரணம். ஒரு தெருவில் மின்சாரம் நின்றுபோக, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் சந்தேகித்து இரவு முடிவதற்குள் கொலைகாரர்களாக மாறிவிடும் 'மேப்பிள் தெரு'க் கதையைப் பார்த்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

156 கதைகளில் 92 செர்லிங் எழுதியவை. ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து பேசிப் பேசியே அவர் நாடகங்களை அமைத்தார் என்பதை அறிந்த ரசிகர்கள், அவருடைய பாத்திரங்கள் மூச்சுவிடாமல் பிரசங்கிப்பதற்கும் அதுவே காரணமென்று கூறுவார்கள். அது முற்றிலும் சரியென்றே எனக்கும் தோன்றுகிறது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் விநோதக் கதைகள் எழுதிப் பழகிய ஆசிரியர்களிடமே ஒப்படைத்தார் என்பதில்தான் அவருடைய பெருந்தன்மையும் விவேகமும் விளங்குகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ரிச்சர்ட் மேத்திசன், சார்லஸ் போமண்ட், ஜார்ஜ் கிளேட்டன் ஜான்சன் முதலிய இளைஞர்கள் ஒரு நட்புக் குழுவாக இருந்து, ஒருவர் கதையை மற்றவர் கேட்டு, திருத்தி, தர்க்கித்து, ரே பிராட்பரி என்னும் மூத்தவரை ஆதர்சமாகக் கொண்டு வளர்ந்தார்கள். அந்தக் குழுவின் கைவண்ணமே இத்தொடரின் இரண்டாம் உயிர்.

பெயரை மறைத்துவிட்டாலும் இவர்களைத் தனித்தனியே அடையாளம் காணலாம் என்று தேர்ந்த ரசிகர்கள் சொல்வது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. மேத்திசனுடைய உலகில் சாதாரண மனிதர் ஒருவர், தம் சொல்லை நம்புவார் யாருமின்றி, பயங்கரத்தின் எதிரில் தன்னந்தனியே நிற்பார். பண்ணை வீட்டில் தனித்திருக்கும் கிழவி ஒருத்தியின் போராட்டத்தை அனேகமாக வசனமே இல்லாமல் எழுதிக்காட்டிய துணிவு அவருடையது. ஜான்சனோ மரணத்திடம்கூடக் கனிவு காட்டுபவர். மரணத்திற்கு அஞ்சிக் கதவையே திறவாத மூதாட்டியின் கதையும், முதியோர் இல்லத்துவாசிகள் சிறுவர் விளையாட்டினால் மீண்டும் பாலப்பருவம் எய்தும் கதையும் 1962இல் சில வாரங்கள் இடைவெளியில் வந்தவை. போமண்ட் கனவையும் சாவையும் பிரித்தறிய முடியாதபடி பின்னுவார். உறங்கினால் கனவிலே வரும் பெண் தன்னைக் கொன்றுவிடுவாள் என்று விழித்தே இருக்கும் இருதய நோயாளியும், இவ்வுலகமே தன் கனவு, தன் தண்டனையை நிறைவேற்றினால் நீங்கள் அனைவரும் மறைந்துபோவீர்கள் என்று கதறும் மரண தண்டனைக் கைதியும் அவருடைய மானஸ புத்திரர்கள்.

அந்தப் போமண்டின் வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கலங்குகிறது. முப்பதுகளின் நடுப்பகுதியை எட்டுவதற்குள்ளேயே அவரை ஒரு விபரீத வியாதி பற்றிக்கொண்டது. ஞாபகமும் பேச்சும் சிந்தையும் சிறிது சிறிதாகக் கழன்றுபோக, உடலும் வெகுவேகமாக முதுமையடைந்து, 1967 பிப்ரவரி 21ஆம் தேதி, முப்பத்தெட்டு வயதில் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் விட்டுவிட்டு அவர் காலமானார். நோய் முற்றிவந்த காலத்தில் அவர் ஏற்றுக்கொண்டிருந்த கதைகளை நண்பர்களே எழுதினார்கள். தந்தை ஸ்தானத்திலிருந்து சிறுமியை வெறுக்கும் ஒருவனை அவளுடைய பேசும் பொம்மை பழிவாங்குகிற கதை 1963 நவம்பரில் போமண்டின் பெயரோடு ஒளிபரப்பானபோது, அதை உண்மையில் எழுதியவர் ஜெர்ரி சோல் என்பதைப் பார்வையாளர்கள் அறியமாட்டார்கள். மனிதர் யாவரும் சில குறிப்பிட்ட அழகிய முகங்களுள் ஒன்றையே அணிய வேண்டுமென்று விதிக்கும் உலகத்தைப் பற்றிய மற்றொரு கதை, போமண்டே முன்பு எழுதிய சிறுகதையிலிருந்து பிறந்ததுதான். ஆனால் நாடகமாக்கிய கை ஜான் டோமர்லினுடையது. ஊதியத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், பொம்மைக் கதையில் பெயரையும் நோயாளிக்கே விட்டுவிட்டார்கள்.

எழுதுகிறவனுக்குத் தன் பெயரைக் காட்டிலும் பிரியமான உடைமை இல்லை. தொலைக்காட்சியிலோ, பெயர் வெளிவந்தால்தான் அடுத்த வேலை கிடைக்கும். அப்படியிருந்தும், எழுதும் சக்தியை இழந்துவிட்ட நண்பன் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று உலகம் நம்பும்படி செய்தார்களே, அதைக் காட்டிலும் உயர்ந்த சிநேகத்தை இலக்கிய உலகில் நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

இவ்விவரங்கள் நிலைபெற்றது ரசிகர்களின் ஆர்வத்தினால்தான். மார்க் ஸ்காட் ஸிக்ரீ என்ற இளைஞர், இத்தொடரின்மீது கொண்ட பக்தியினால், எழுத்தாளர்களையும் இயக்குநர்களையும் நடிகர்களையும் தேடிச் சென்று விசாரித்து, ஒவ்வொரு கதையின் பூர்வோத்தரத்தையும் தொகுத்து 1982இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். செர்லிங் அதற்கு ஏழாண்டுகள் முன்னரே, ஐம்பதாவது வயதில் இறந்துபோயிருந்தார். இன்னும் தாமதித்திருந்தால் எத்தனை குரல்கள் கேளாமலே போயிருக்குமோ! மேத்திசனோ வெகுகாலம் வாழ்ந்து, தம் செல்வாக்கைக் கண்ணாரக் கண்டவர். அவர் திரைக்கதை எழுதிய 1972ஆம் ஆண்டின் 'நைட் ஸ்டாக்கர்' படத்தால் தூண்டப்பெற்ற கிறிஸ் கார்ட்டர், தம்முடைய 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் செனட்டர் ஒருவருக்கு ரிச்சர்ட் மேத்திசன் என்றே பெயர் சூட்டினார். ரசிகராயிருந்தவர் கர்த்தாவான பிறகும் கடனை மறக்கவில்லை.

உண்மை தெரிந்துவிட்டபடியால் பொம்மைக் கதையின் பெயர்ப் பலகையைத் திருத்திவிட வேண்டும் என்று சிலர் வாதிக்கக்கூடும். எனக்கு அதில் சம்மதமில்லை. சோல் மனமறிந்து விட்டுக்கொடுத்த இடம் அது. அதை இப்போது பறித்து அவரிடமே திருப்பிக் கொடுப்பது அவருடைய தானத்தைச் செல்லாததாக்குவதாகும். திரையில் போமண்டின் பெயரே நிற்கட்டும். அந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மட்டும், போமண்ட் என்று சொன்ன அதே மூச்சில், சோல் என்றும் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.