அரவக்குறிச்சியின் இருபத்தாறு மாதங்கள்

தமிழ்நாட்டு அரசியலை எங்கட பெடியள் பார்க்கிறது பெரும்பாலும் கிரிக்கெட் பார்க்கிற மாதிரித்தான். ஆருக்கு எத்தனை, ஆர் எந்தப் பக்கம் பாய்ஞ்சது, இன்னும் எத்தனை விக்கெட் கிடக்கு. 2017 பெப்ரவரியில் கூவத்தூர் ரிசோர்ட்டுக்குள் சட்டமன்ற உறுப்பினர்கள் அடைபட்டுக் கிடந்த நாட்களில் சுத்தின மீம்ஸ் இன்னும் சிலரின்ர ஃபோனில் இருக்கும். அதில சசிகலா இருப்பார், பன்னீர்செல்வம் இருப்பார், எடப்பாடி பழனிசாமி இருப்பார். வாக்குப் போட்ட சனம் மட்டும் இருக்காது. 2016 தொடக்கம் 2021 வரை இருந்த அந்தச் சட்டமன்றத்தை அந்தச் சனத்தின் பக்கம் நிண்டு ஒருக்கால் பார்ப்பம். அதுக்குக் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சித் தொகுதி ஒன்றே போதும்.

2016 மே 16 தமிழ்நாட்டில் தேர்தல். மொத்தம் 234 தொகுதி, வாக்களிப்பு நடந்தது 232 இல்தான். அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்காளருக்குக் காசு விளையாடுது என்று சொல்லித் தேர்தல் ஆணையம் முதலில் தேதியைத் தள்ளிப் போட்டது, பிறகு அறிவிப்பையே ரத்துச் செய்தது. நவம்பரில்தான் சனம் வாக்களித்தது. அரவக்குறிச்சியில் அ.தி.மு.க.வின் செந்தில்பாலாஜி வென்றார். பத்து மாதம் முழுசாய் முடியேல்லை, 2017 செப்டெம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் அவரைத் தகுதிநீக்கம் செய்தார். அதுக்குப் பிறகு அந்தக் கதிரை 2019 மே 23 வரை வெறுமை. கூட்டிப் பாருங்கோ: ஐந்து வருசச் சட்டமன்றத்தில் ஏறத்தாழ 26 மாதம் அந்தத் தொகுதிக்கு உறுப்பினர் இல்லை. தஞ்சாவூரின்ர கணக்கும் அச்சொட்டாய் இதேதான்.

2019 இல் அரவக்குறிச்சியில் வென்றது ஆர் தெரியுமோ? அதே செந்தில்பாலாஜி. இந்த முறை உதயசூரியன் சின்னத்தில்.

இது எப்படி நடந்தது என்று விளங்க 2017 இன் தொடக்கத்துக்குப் போக வேணும். ஜெயலலிதா 2016 டிசெம்பர் 5 இல் இறந்தார். பன்னீர்செல்வம் முதலமைச்சரானார், பெப்ரவரி 5 இல் இராஜினாமாக் கடிதம் கொடுத்தார், இரண்டு நாள் கழிச்சு மெரீனா நினைவிடத்தில் தியானம் இருந்து எழும்பி, தன்னை வற்புறுத்தித்தான் கடிதம் வாங்கினவை என்றார். கட்சி இரண்டாகப் பிளந்தது. சசிகலா பக்கத்து உறுப்பினர்கள் கூவத்தூருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெப்ரவரி 14 இல் உச்ச நீதிமன்றம் சசிகலாவைச் சிறைக்கு அனுப்ப, 16 இல் எடப்பாடி முதலமைச்சர். 18 இல் நம்பிக்கை வாக்கெடுப்பு. தி.மு.க. உறுப்பினர்களைச் சபைக் காவலர்கள் தூக்கி வெளியேற்ற, ஸ்டாலின் கிழிஞ்ச சட்டையோட வெளியே வந்தார். உள்ளே அரசுக்கு ஆதரவாக 122, எதிராக 11.

அந்தப் பதினொரு பேரைக் கொஞ்சம் உன்னிப்பாய்ப் பாருங்கோ. பன்னீர்செல்வமும் அவரோட நிண்ட பத்துப் பேரும். இரட்டை இலையில் வென்று வந்து, இரட்டை இலை அரசுக்கு எதிராகச் சபைக்குள்ளேயே வாக்களித்தவை. இந்தியாவில் கட்சித் தாவலுக்கு எதிரான சட்டம் ஒன்று இருக்கு. 1985 இல் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையாகச் சேர்த்தது. அதன்படி ஒரு உறுப்பினரின்ர பதவி இரண்டு வழியில் போகும். தன் விருப்பத்தில் கட்சியை விட்டால் போகும். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலும் போகும். சட்டத்தை வாசிக்கிற எவரும் முதலில் அந்தப் பதினொரு பேரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் நடக்கேல்லை.

ஓகஸ்ட் 21 இல் இரண்டு அணியும் சேர்ந்தது. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர். அடுத்த நாள் ரி.ரி.வி. தினகரன் பக்கத்து உறுப்பினர்கள் 19 பேர் ஆளுநர் வித்யாசாகர் ராவிடம் போய், முதலமைச்சர் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். பெப்ரவரியில் இதே முதலமைச்சருக்குக் கை தூக்கினவர்கள் இவர்கள். வேறு கட்சியில் சேரவில்லை, சபையில் அரசுக்கு எதிராக ஒரு வாக்கும் போடவில்லை. ஒருவர் மனம் மாறித் திரும்ப, மிச்சம் 18 பேரையும் சபாநாயகர் நீக்கினார். கடிதம் கொடுத்ததே கட்சியைத் தானாக விட்டதுக்குச் சமம் என்பது அவர் சொன்ன நியாயம்.

ஒரே கட்சி, ஒரே சபாநாயகர், ஒரே வருசம். எதிர்த்து வாக்களித்தவருக்குத் துணை முதலமைச்சர் பதவி, கடிதம் எழுதினவருக்குப் பதவி பறிப்பு. முந்தினவர்கள் பிந்திச் சமாதானமாகிவிட்டார்கள் என்பதைத் தவிர வேற வித்தியாசம் எங்களுக்குத் தெரியேல்லை. சமாதானமானால் குற்றம் அழியும் என்று பத்தாவது அட்டவணையில் எங்கேயும் எழுதியில்லை.

இதிலே இருக்கிற கணக்குத்தான் இன்னும் கெட்டித்தனமானது. ஜெயலலிதாவின் ஆர்.கே. நகர் காலியாக இருந்ததால் அப்போது சபையில் 233 பேர். பெரும்பான்மைக்கு 117 வேணும். பதினெட்டுப் பேரை வெளியே விட்டால் சபை 215 ஆகும். பிறகு 108 போதும். அரசுக்கு ஆதரவு ஒருவராலும் கூடவில்லை, தேவைப்பட்ட எண்ணிக்கை மட்டும் ஒன்பதால் குறைஞ்சது. சோதினையில் புள்ளி காணாது என்றால் சித்தியெல்லையைக் குறைக்கிற வேலை இது.

வழக்குக்குப் போனார்கள். (வாசிக்கிறவை குழம்பக்கூடாது: எங்கட நாட்டில் உயர் நீதிமன்றம்தான் கடைசிப்படி. இந்தியாவில் அது மாநில மட்டம், டில்லியில் இருக்கிற உச்ச நீதிமன்றம்தான் கடைசி.) சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14 இல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி நீக்கம் சரி என்றார், நீதிபதி சுந்தர் பிழை என்றார். மூன்றாவது நீதிபதி சத்தியநாராயணன் ஒக்டோபர் 25 இல் சரி என்று முடித்துவைத்தார். ஒரு வருசத்துக்கும் மேல். அந்தக் காலம் முழுக்க இடைத்தேர்தலுக்கும் தடை. மற்றப் பதினொரு பேரின்ர வழக்கோ டில்லி வரை போய், 2020 பெப்ரவரியில் 'சபாநாயகர் பார்த்துக்கொள்ளட்டும்' என்ற இடத்துக்கே திரும்பி வந்தது. வாக்களித்து மூன்று வருசம் கழிச்சு!

இந்த இழுபறிக்குள் பதினெட்டுத் தொகுதிச் சனம் என்ன செய்தது? 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் பொலிஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். அந்த மாவட்டத்தின் ஆறு தொகுதியில் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் இரண்டும் அப்போது வெறுமை. நவம்பரில் கஜா புயல் அடிச்சு டெல்டா மாவட்டங்களில் தென்னை தென்னையாய்ச் சரிஞ்சது. தஞ்சாவூருக்கு உறுப்பினர் இல்லை. கருணாநிதி இறந்ததால் திருவாரூருக்கும் இல்லை. உறுப்பினர் இருந்திருந்தால் புயல் திரும்பிப் போயிருக்கும் என்று நாங்கள் சொல்ல வரேல்லை. ஆனால் நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டால் போய்ச் சண்டை பிடிக்க ஒரு வாசல், சபையில் எழும்பிக் கேட்க ஒரு வாய், அதுக்குத்தானே சனம் வரிசையில் நிண்டது?

பதினெட்டுப் பேரையும் கொள்கை வீரர் ஆக்குகிற கதைகளும் வந்தது. எங்களுக்கு அதிலும் உடன்பாடு இல்லை. கூவத்தூரில் இருந்தவர்களும் இவர்கள்தான். கடிதம் கொடுத்த கையோட புதுச்சேரிக்கும் பிறகு குடகுக்கும் போய் ரிசோர்ட்டில் தங்கினவர்களும் இவர்கள்தான். ரிசோர்ட் மாறினது, பழக்கம் மாறேல்லை. தொகுதிச் சனத்தைக் கூட்டி 'நான் இப்படிச் செய்யப் போறன், என்ன நினைக்கிறீங்கள்?' என்று கேட்டுவிட்டுக் கடிதம் கொடுத்திருந்தால் கதை வேறு.

தாவல் தடைச் சட்டமே வேண்டாம் என்று சொல்லவும் ஏலாது. 1967 இல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு கிழமைக்குள் மூன்று தரம் கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்', அதாவது வந்த ராம் போன ராம், என்கிற பேச்சே அவரால்தான் வந்தது. அந்தக் கூத்தை அடக்கத்தான் சட்டம். ஆனால் அடக்கினது சில்லறையை மட்டும், மொத்த வியாபாரம் தடையில்லாமல் நடக்குது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து போனால் அதுக்குப் பெயர் தாவல் இல்லை, 'இணைப்பு'. கோவாவைப் பாருங்கோ. 2022 தேர்தலுக்கு முன்னம் காங்கிரஸ் தன் வேட்பாளர்களைக் கோயில், சிலுவையடி, தர்கா என்று மூன்று இடத்துக்கும் கூட்டிப்போய் கட்சி மாற மாட்டோம் என்று சத்தியம் வாங்கியது. 11 பேர் வென்றார்கள். செப்டெம்பரில் அதில 8 பேர் பா.ஜ.க.வில் சேர்ந்தார்கள். பதினொன்றில் மூன்றில் இரண்டு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஏழு காணாது, எட்டு வேணும். சத்தியத்தை மறந்தாலும் வாய்ப்பாட்டை மறக்கேல்லை.

சட்டத்தின் ஆகப் பெரிய ஓட்டை, தீர்ப்புச் சொல்லுகிற ஆள்தான். சபாநாயகர் ஒரு கட்சியின் சின்னத்தில் வென்று, அந்தக் கட்சியின் பெரும்பான்மையால் அந்தக் கதிரைக்கு வருகிறவர். அந்தப் பெரும்பான்மை போனால் அவரின்ர கதிரையும் ஆடும். 1992 இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் இது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நீதிபதிகளில் மூவர் சபாநாயகரை நம்பலாம் என்றார்கள், இருவர் அவர் சுயாதீனமானவர் இல்லை என்றார்கள். தமிழ்நாட்டைப் பார்த்த பிறகு அந்த இருவரின் பக்கம்தான் நாங்கள். 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே, சபாநாயகர் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேணும், நிரந்தரத் தீர்ப்பாயம் ஒன்றைப் பற்றிப் பாராளுமன்றம் யோசிக்க வேணும் என்று சொல்லியது.

இதை ஏன் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து நாங்கள் கதைக்க வேணும் என்று கேட்கலாம். சென்னைத் தீர்ப்பு வந்தது 2018 ஒக்டோபர் 25, வியாழக்கிழமை. அடுத்த நாள் இரவுதான் கொழும்பில் மைத்திரிபால சிறிசேன மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கினார். பிறகு ஆள் பிடிக்கிற படலம். மட்டக்களப்பில் வீட்டுச் சின்னத்தில் வென்ற ஒருவர் ஒரு கிழமையில் பிரதி அமைச்சர். சென்னையில் சட்டை கிழிந்தது என்றால் எங்கட சபையில் மிளகாய்த்தூள் பறந்தது.

எங்கட அரசியலமைப்பில் இதுக்கு 99(13) ஆம் உறுப்புரை இருக்கு. கட்சி விலக்கினால் ஒரு மாதத்தில் பதவி போகும். விலக்கினது செல்லாது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அது இரண்டு மாதத்தில் முடிவு சொல்ல வேணும். சபாநாயகர் கையில் விடாததும் காலக்கெடு வைத்ததும் இந்தியச் சட்டத்தை விட நல்லது. ஆனால் நடைமுறையில் தாவினவர்கள் கனபேர் பதவியோடயே இருந்தவை. பதவி போனாலும் இங்க இடைத்தேர்தல் இல்லை, பட்டியலில் அடுத்த ஆள் வருவார். அரவக்குறிச்சிச் சனத்துக்குக் கடைசியில் கிடைச்ச அந்த ஒரு நாள் வாக்குச்சீட்டு எங்களுக்கு இல்லை.

வெறுமையான கதிரை என்றால் இன்னொன்றும் இருக்கு. அதே கிழமை, ஒக்டோபர் 24 இல், வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிஞ்சது. 38 கதிரையும் ஒரேயடியாய். அதுக்குப் பிறகு வருசக்கணக்காய்த் தேர்தல் இல்லை, ஆளுநர்கள்தான் வந்து வந்து போனார்கள். 26 மாதம் உறுப்பினர் இல்லாமல் இருக்கிறது எப்படி என்று அரவக்குறிச்சிக்காரர் வந்து எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

எங்கட நிலைப்பாடு இதுதான். தகுதிநீக்கத்தைச் சபாநாயகரிடம் இருந்து எடுத்து, காலக்கெடுவோட வெளியே ஒரு தீர்ப்பாயத்திடம் கொடுக்க வேணும். கொறடா உத்தரவை நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா மாதிரியானதுகளோட நிப்பாட்ட வேணும். தினேஷ் கோஸ்வாமி குழு 1990 இலேயே இதைச் சொல்லிவிட்டது. மற்ற விசயங்களில் ஒரு உறுப்பினர் தன் கட்சியோட முரண்படுகிறது குற்றம் இல்லை. கட்சி மாற விரும்பினால் ஒருவரோ எட்டுப் பேரோ, பதவியை விட்டுவிட்டுத் திரும்பச் சனத்திடம் வரட்டும்.

2019 மே 23 இல் 22 தொகுதி இடைத்தேர்தலின் முடிவு வந்தது. தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9. ஒன்பது போதும், எடப்பாடி அரசு 2021 வரை ஓடி முடித்தது. தினகரனின் அ.ம.மு.க.வுக்கு ஒன்றும் இல்லை. பதினெட்டுப் பேரில் முன்னுக்கு நிண்ட ஆண்டிப்பட்டி தங்க தமிழ்ச்செல்வன் கொஞ்ச நாளில் தி.மு.க.வுக்குப் போனார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தேனியில் அவர் வென்றார். தோற்றவர் ரி.ரி.வி. தினகரன்.