கிளாஸ் லீடருக்கும் ஓட்டுப் பெட்டி வேணும்

நம்ம பள்ளிக்கூடங்கள்ல கிளாஸ் லீடர் யாருன்னு பாருங்க. நல்லா மார்க் எடுக்கிற பிள்ளை, இல்லன்னா வாட்டசாட்டமான பையன். டீச்சர் கை காட்டினா முடிஞ்சுது. வேலை? பேசுறவன் பேரை போர்டுல எழுதுறது, தனக்கு வேண்டியவன் பேரை அழிக்கிறது. அதிகாரம்னா இதுதான்னு 8 வயசுலயே மனசுல பதிஞ்சுடுது.

வகுப்புக்கு வகுப்பு தேர்தல் வைக்கணும்ங்கிறது என் கருத்து. ஆனா ஓட்டுப் பெட்டி மட்டும் வெச்சா போதாது.

சீனாவுல வூஹான் நகரத்துல ஒரு மூணாம் வகுப்புல லீடர் தேர்தல் வெச்சாங்க. 2007-ல 'ப்ளீஸ் வோட் ஃபார் மீ'ன்னு ஆவணப்படமா வந்துச்சு. 3 பிள்ளைங்க போட்டி. பெத்தவங்களே பேச்சு எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ண வெக்கிறாங்க. எதிரிகிட்ட குறை கண்டுபிடிக்கச் சொல்லித் தர்றாங்க. ஏற்கெனவே லீடரா இருந்த பையன் வீட்டுல வகுப்பையே ரயில் சவாரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, ஓட்டுக்கு முன்னாடி பரிசும் குடுக்கிறாங்க. அவன்தான் ஜெயிச்சான்.

சீனாக்காரனைப் பார்த்து சிரிக்க வேண்டாம். எந்தத் தெருவுக்கு எவ்வளவு, குவாட்டர் யார் கையில வருதுன்னு நம்ம திண்ணையில பேசுறப்ப, பக்கத்துலதான் பிள்ளைங்க வீட்டுப்பாடம் எழுதுது. 2024 ஜூன்ல கருணாபுரத்துலயும் சுத்துப்பட்டுலயும் விஷச்சாராயத்துக்கு 60-க்கு மேல உசுரு போச்சு. அதுக்கு முன்னாடி நாம யாரைத் தட்டிக் கேட்டோம்? கை நீட்டி வாங்கினவனுக்கு வாய் நீளாது. கல்வராயன் மலை ஜனங்க 1996-லதான் முதல்முதலா ஓட்டுப் போட்டாங்கன்னு ஹைகோர்ட்டுலயே சொன்னாங்க. அவ்வளவு தாமதமா வந்த உரிமை ஒரு கவருக்குள்ள அடங்கிடக் கூடாது.

உத்திரமேரூர் கல்வெட்டு 1,100 வருஷம் பழசு. குடவோலை முறையில, பானையில இருந்து ஓலையை எடுத்தது ஒரு சின்னப் பையன். எனக்குப் பிடிச்சது இன்னொரு விதி. பதவியில இருந்துட்டு கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் திரும்ப நிக்கவே முடியாது. அது நிலமும் படிப்பும் இருந்த பிராமணர் சபை, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அங்க இடமில்ல. இருந்தாலும் அந்த விதி நல்ல விதி.

வகுப்புலயும் அதைத்தான் கேக்குறேன். ரகசிய ஓட்டு. நிக்கிறவங்க ஒரு மிட்டாய் கூட குடுக்கக் கூடாது. பெத்தவங்க தலையிடக் கூடாது. ஜெயிச்ச பிள்ளை மாசம் ஒரு தடவை வகுப்பு முன்னாடி நின்னு பதில் சொல்லணும். விளையாட்டுச் சாமான் எல்லாருக்கும் கிடைச்சுதா, கழிவறையில தண்ணி வருதான்னு ஹெச்.எம். கிட்ட கேட்டியான்னு பிள்ளைங்க கேக்கணும். சரியில்லன்னா அரைப் பரீட்சை முடிஞ்சதும் மறு தேர்தல்.

தேர்தல் வெச்சா வகுப்புல சாதி வந்துடும்னு வாத்தியாருங்க பயப்படுவாங்க. நியாயமான பயம்தான். ஆனா தேர்தல் இல்லாததால சாதி வெளியவே நிக்குதா என்ன? 8 வயசுல தெரு பார்த்து ஓட்டுப் போட்டா, பக்கத்துல உக்காந்து பேசித் திருத்த டீச்சர் இருக்காங்க. 18 வயசுல வாக்குச்சாவடியில யாரும் இல்ல.

பள்ளி மேலாண்மைக் குழுவுல பாதிக்கு மேல பெத்தவங்கதான் இருக்கோம். அடுத்த கூட்டத்துல இதைக் கேளுங்க. ஒரு அட்டைப் பெட்டி, கொஞ்சம் துண்டுச் சீட்டு, அவ்வளவுதான் செலவு.