கடல் பார்க்கக் கிளம்பும் முன்

ராசிபுரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் மட்டும் சேர்ந்து பாண்டிச்சேரி போகலாம் என்று இருக்கிறோம். வீட்டில் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அங்கே நமக்குப் பார்க்க என்னதான் இருக்கிறது, கொஞ்சம் எழுதுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்.

சிரிக்கத்தான் செய்வார்கள். நம் சேலம், நாமக்கல் பக்கத்து ஆண்களுக்குப் பாண்டி என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான், அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை விடுங்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் லாரி ஓட்டுகிறார். மங்களூர், தூத்துக்குடி, விசாகப்பட்டினம் என்று துறைமுகமெல்லாம் அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. கட்டுச்சோறு கட்டி வழியனுப்பும் நாம் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணையும் மோகனூர்க் காவிரியும்தான். நாங்கள் 11 பேர் மாதம் 200 ரூபாய் வீதம் ஒரு வருஷம் சேர்த்து, போன மாசியில் போய் வந்தோம். பஸ்ஸில் போய், ஒரு ராத்திரி மட்டும் தங்கியதால் பணம் கட்டுப்படியாயிற்று.

மாசி என்று சொன்னதைக் கவனியுங்கள். தை, மாசி, பங்குனிதான் போக நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் அந்தப் பக்கத்தில்தான் கரை ஏறின. சித்திரை, வைகாசியில் வெயில் ஒரு பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் மீனும் விலை ஏறிக் கிடக்கும்.

சேலத்திலிருந்து ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக பஸ். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. நம் பெண்கள் பயணம் என்றாலே முதல் நாள் ராத்திரியிலிருந்து தண்ணீரைத் தொட மாட்டார்கள். வழியில் எங்கே ஒதுங்குவது என்ற பயம்தான். அப்படி அடக்கி அடக்கித்தான் ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று படுக்கிறோம். தண்ணீரைக் குடியுங்கள். பஸ் நிற்கிற பெரிய நிலையத்தில் கூச்சப்படாமல் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள், நாலு பேராகப் போனால் அவர் காத்திருப்பார். கட்டணக் கழிப்பறைக்குச் சில்லறை, ஒரு சின்ன சோப்பு, பழைய துண்டு ஆகியவை கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், கடற்கரை வெயில் நம் ஊர் வெயில் மாதிரி இல்லை. நம் ஊரில் வேர்த்தால் காற்றில் உடனே காய்ந்துவிடும், உடம்பு ஆறும். அங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால் வேர்வை காயாது. வழிந்துகொண்டே இருக்கும், சூடு இறங்காது. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும், கால் இழுக்கும். நீர்மோர், இளநீர் ஏதாவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பேதியோ வாந்தியோ வந்தால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு அளவு ஏறக் கூடாது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வேளை தவறாமல் போட வேண்டும். "ரெண்டு நாள்தானே" என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களை என்ன சொல்ல!

தங்குவதற்கு அரவிந்தர் ஆசிரமத்து விடுதிகள் பெண்களுக்கு நிம்மதி. குடி, சிகரெட் கூடாது. ராத்திரி குறித்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு போங்கள்.

மற்றபடி ஊருக்குள் பார்க்க நிறையவே இருக்கிறது. மணக்குள விநாயகர் கோயிலில் துதிக்கையால் ஆசீர்வாதம் செய்துவந்த லட்சுமி யானை 2022 நவம்பரில் இறந்துபோயிற்று. நாங்கள் போனபோது கோயில் வாசலில் அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. பக்கத்திலேயே ஆசிரமம். அங்கே வாய் திறக்கக் கூடாது. நாங்கள் 11 பேரும் கால் மணி நேரம் பேசாமல் இருந்தோம் என்றால் எங்கள் வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு. 1908 முதல் 1918 வரை, பத்து வருஷம், வெள்ளைக்காரப் போலீசுக்குத் தப்பிப் பிரெஞ்சுக்காரர் ஊரில் இருந்தார். குயில் பாட்டு, கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அந்த நாளையவை. அடுப்பில் போட அரிசி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அந்தப் பத்து வருஷத்தை ஓட்டியவர் செல்லம்மாள் என்பதையும் அந்த முற்றத்தில் நின்று நினைத்துக்கொண்டேன். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த ரோமானியர் காலத்துப் பானைச் சில்லுகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திங்கட்கிழமை அது மூடியிருக்கும், பார்த்துப் போங்கள்.

இனி கடல். காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டி விடுவதில்லை. நிம்மதியாக நடக்கலாம். சிலையைச் சுற்றியுள்ள 8 கல்தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை. அங்கே பெரும்பாலும் பாறாங்கல்தான். முன்னே மணல் இருந்ததாம். 1980-களின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு மணலைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. 2018-ல் தலைமைச் செயலகத்துப் பக்கம் கடலுக்கடியில் இரும்பால் ஒரு திட்டு அமைத்தார்கள், கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. பாறை பாசி பிடித்து வழுக்கும். போட்டோவுக்காக அதன் மேல் ஏறாதீர்கள்.

விடியலில் போய்ப் பாருங்கள். கிழக்குக் கடல் என்பதால் சூரியன் தண்ணீருக்குள்ளிருந்துதான் எழுந்து வரும். 72 வயது என் மாமியார், "எனக்கெதுக்கு கண்ணு இந்த வயசுல கடலு" என்று கிளம்பவே மாட்டேன் என்றவர், அன்றைக்கு நெடுநேரம் நின்றார். "இந்தத் தண்ணி எங்க கண்ணு போயி முடியுது?" என்று கேட்டார். "நேர் கிழக்கே போனா அந்தமானுங்க அத்தை" என்றேன். "அப்ப அங்கயும் யாரோ ஒருத்தி இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிப்பா" என்றார்.

எங்கள் 11 பேரில் ஒருத்தி மட்டும் தண்ணீர்ப் பக்கம் வரவில்லை. பின்னால் திண்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் எங்கள் ஊர்க் கிணற்றில் மேலிருந்து குதித்து அடிமண் எடுத்து வருகிற பையன். காலேஜ் பிள்ளைகளோடு வேறொரு கடற்கரைக்குப் போனவன் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தான். "நீச்சல் தெரியும்னுதான் தைரியமா அனுப்புனேன். நாலு பேரு படிக்கட்டும், எழுதுங்கக்கா" என்றாள். அதனால் இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள், பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் நின்ற தண்ணீர். கடல் தண்ணீர் ஓடுகிற தண்ணீர். அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீரெல்லாம் திரும்பிப் போக வழி தேடும். ஒரு குறுகலான தடத்தில் சேர்ந்து, ஆற்று வெள்ளம் மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். இதில் மோசம் என்னவென்றால், அந்தத் தடத்தில் அலை அதிகம் உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் சாதுவாகத் தெரியும். பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள். இழுப்பில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் அதில்தான் களைத்துப்போகிறான். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் கத்த வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

சேலை கட்டிய நாம் கணுக்கால் அளவோடு நிற்பதுதான் சரி. நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும், எழுந்திருக்க விடாது. பிள்ளைகளுக்கு முழங்கால் வரை போதும், அதுவும் பெரியவர் கைப்பிடியில்.

யாராவது மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு பேராகப் போவது அப்படித்தான். மூடிய காலி கேன், பந்து, கயிறு எது கிடைத்தாலும் வீசுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூழ்கிய நாலு பையன்களில் இரண்டு பேரை, கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி மூன்று பெண்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. மானம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்த இரண்டு உயிரும் போயிருக்கும்.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். மூச்சு இல்லாவிட்டால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். ஒருத்தர் 108-க்குப் போன் செய்யட்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டாமல் இருக்கக் கூடாது. நுரையீரலில் போன தண்ணீர் பிறகும் தொந்தரவு கொடுக்கும்.

திரும்பும்போது எல்லாரும் கேட்டது கருவாடு. பெரிய மார்க்கெட்டில் கிடைக்கிறது. ஒடித்தால் ஒடிய வேண்டும். வளைந்தால் காயவில்லை என்று அர்த்தம். மேலே சிவப்பாகவோ ரோஸ் நிறத்திலோ திட்டு இருந்தால் வாங்காதீர்கள், கெட ஆரம்பித்தது அது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். சமைக்குமுன் வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு தண்ணீர் மாற்றினால் உப்புக் குறையும். பிரஷர் உள்ளவர்களுக்கு அப்படியும் வேண்டாம். என் மாமியார் என்னோடு சண்டை போட்டு ஒரே ஒரு துண்டு நெத்திலி வாங்கிக்கொண்டார்.

ராசிபுரத்துச் சகோதரி போய் வந்ததும் செலவுக் கணக்கோடு எழுதுங்கள்.