எழுத்தை அளந்து பெட்டி செய்வோம்

நம் சங்க உறுப்பினர் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றும் பொறுப்பை நான் விரும்பி ஏற்றேன். அதற்கென விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு படிவம் எழுதினேன். என் அறையில் அது அழகாகவே இருந்தது. செயலாளரின் மடிக்கணினியில் திறந்தோம். ‘பதிவு செய்க’ என்ற பொத்தான் ‘பதிவு செ’ என்று நின்றது! திருநாவுக்கரசு என்று ஒரு பெயரைத் தட்டிப் பார்த்தேன். பெயர் காட்டும் இடத்தில் ‘திருநாவு’ மட்டுமே எஞ்சியது. அரசு பறிபோயிற்று!

குற்றம் யாருடையது? என்னுடையதே. எழுத்தைப் பாயிண்டில் வைத்தேன். பெட்டியைப் பிக்சலில் வைத்தேன். படிவம் தானே விரியும் ஏற்பாட்டையும் அணைத்துவிட்டேன். என் திரையில் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்பது கணக்கு. 9 பாயிண்ட் எழுத்து அங்கே 12 பிக்சல். செயலாளரோ 150 விழுக்காடு பெரிதாக்கி வைத்திருந்தார். அங்கே அதே எழுத்து 18 பிக்சல். 120 பிக்சல் பெட்டியோ இரண்டு திரையிலும் 120 தான். பிள்ளை வளர்ந்தான், சட்டை வளரவில்லை.

இந்தத் தொல்லையை முன்னோர் அறியாதவர் அல்லர். 1991இல் வந்த விஷுவல் பேசிக், ட்விப் என்னும் அளவைக் கையாண்டது. ஒரு பாயிண்டில் இருபதில் ஒரு பங்கு அது, அங்குலத்துக்கு 1440. 96 பிக்சல் திரையில் ஒரு பிக்சலுக்கு 15 ட்விப். 144 பிக்சல் திரையில் 10. புள்ளி மாறினாலும் அளவு மாறாது. நல்ல எண்ணந்தான். ஆனால், ட்விப்புக்குத் திரை தெரியும். பெட்டிக்குள் வரும் சொல் தெரியாது.

சொல்லை நெருங்கிய அளவு ஒன்றும் விண்டோஸில் உண்டு. உரையாடல் அலகு என்று அதைச் சொல்லலாம். எழுத்தின் சராசரி அகலத்தில் நாலில் ஒன்று குறுக்களவு. எழுத்தின் உயரத்தில் எட்டில் ஒன்று நெட்டளவு. அவரவர் உடம்பு அவரவர் கைக்கு எட்டுச் சாண் என்பது நம் நாட்டு வழக்கு அல்லவா? அந்த வழக்கே இங்கும். எழுத்து வளர்ந்தால் பெட்டியும் வளரும்.

எனினும் அந்தக் கை யாருடைய கை? சராசரி அகலத்தை ஆங்கிலத்தின் 52 எழுத்துக்களைக் கொண்டே கணக்கிடுவது வழக்கம். ‘னை’யின் அகலமும் ‘கூ’வின் இறக்கமும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. பிறர் கையால் நம்மை அளந்தால் எட்டுச் சாண் எப்படி வரும்?

“பெட்டியைச் சற்றுப் பெரிதாக வைத்தால் தீர்ந்தது” என்பர் சிலர். எவ்வளவு பெரிதாக? அது அளவு அன்று, ஊகம். நேற்று நான் செய்ததும் அதுதான்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: அலகு எதுவாயினும் ஆகுக, பெட்டிக்கு முன் சொல்லை அளக்கவேண்டும். சொல்லுக்கேற்பத் தானே விரியும் பெட்டிகளும், அடுக்கி வைக்கும் கட்டங்களும் இன்று கையருகே உள்ளன. எண்களை நட்டுவைக்கும் பழக்கத்தை விடுவதே நம் வேலை.

தோழர்களே! ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, படிவங்களில் பெயர் வெட்டுப்படுவது புதிதன்று. பிறர் வெட்டும்போது வருந்துகிறோம். நாமே எழுதும் நிரல் நம்மவர் பெயரை வெட்டலாமா? படிவம் எழுதுவோர் முதலில் தமிழில் ஒரு நீண்ட பெயரைத் தட்டிப் பாருங்கள். அது முழுதாக நின்றால், மற்றவை தாமே நிற்கும்.