இயந்திரம் தீர்ப்பளிக்கலாமா?

தொண்டைமானாற்றிலே, செல்வச்சந்நிதிக்கு அண்மையில், தன் வீட்டு விறாந்தையில் இருந்து கைத்தொலைபேசியைத் திறக்கும் இளைஞனை அக்கருவி கொழும்பில் இருப்பவன் என்று கூறுவது நமக்குப் புதுமையன்று. வானிலை கேட்டால் கொழும்பு மழையைச் சொல்கிறது. நகைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். ஆனால் இதே பிழை ஒருவனுடைய உரிமையைத் தீர்மானிக்கப் புகுமாயின், அது நகைப்புக்குரிய காரியமாகாது.

இணையத்திலே பணம் வைத்தாடும் போக்கர் சீட்டாட்டத்தில் இது வழக்காகவே வளர்ந்து நிற்கிறது. ஓரிடத்தில் அவ்வாட்டத்துக்கு அனுமதி. அடுத்த இடத்தில் தடை. ஆகவே ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தார், ஆடுவோன் நிற்கும் இடத்தைத் தேர்ந்து, தடையுள்ள இடத்தாருக்குக் கதவடைக்கின்றனர். இடத்தை அறிவது எங்ஙனம்? இணைய முகவரி, அயலிலுள்ள கம்பியில்லா இணைப்புகள், தொலைபேசிக் கோபுரங்கள், செய்மதிச் சைகை ஆகியவற்றைக் கொண்டு இயந்திரம் ஊகிக்கிறது. ஊகமே அன்றிச் சாட்சியம் அன்று. 2013 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் இவ்வாட்டத்தைச் சட்டப்படி தொடங்கிய நாட்களில், மாநிலத்துக்குள் இருந்தவர்களே வெளியார் என்று தள்ளப்பட்டனர்.

தமிழகத்தைப் பாருங்கள். 2020 நவம்பரில் தமிழ்நாட்டரசு அவசரச் சட்டத்தால் இவ்வாட்டங்களைத் தடுத்தது. அதன் வழிவந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 2022-இல் இயற்றப்பட்ட மறு சட்டத்திலிருந்தும், ரம்மியும் போக்கரும் திறமைக்குரிய ஆட்டங்களெனக் கண்டு, 2023 நவம்பரில் அந்நீதிமன்றமே அவற்றை விலக்கியது. மாநிலத்தின் தடை மாநில எல்லையோடு நிற்பது. ஆனால் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டால் சூழப்பட்ட தனி ஆட்சிப்பகுதிகள். தொலைத்தொடர்புக் கணக்கிலோ அவை தமிழ்நாட்டு வட்டத்துள் அடங்குவன. இணைய முகவரியை மட்டும் வைத்துக் கடலூரானையும் புதுச்சேரியானையும் பிரிப்பது எப்படி? 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. எல்லை மாறியது, ஊகம் மாறவில்லை.

இது சூதாடிகளின் தொல்லை, நமக்கென்ன என்று கமக்காரர் எண்ணுதல் வேண்டா. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. இணைய முகவரிகளுக்கு இடம் குறித்துக் கொடுக்கும் மாக்ஸ்மைண்ட் என்னும் நிறுவனம், அந்நாட்டுக்குள் எங்கேயென்று தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளி என ஓரிடத்தைக் குறித்துவைத்தது. அப்புள்ளி அப்பண்ணையில் விழுந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் அவ்வீட்டின் தலையில் ஏறின. எங்கோ நடந்த மோசடிகளுக்காகப் பொலிசாரும் ஏமாந்தவர்களும் அப்பண்ணையின் வாயிலை ஆண்டுக்கணக்கில் தட்டினர். 2016-இல் உண்மை வெளிவந்தபின், நிறுவனத்தார் அப்புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றினர். குற்றமற்ற உழவர் குடும்பம் அதுவரை பட்ட பாட்டுக்கு எந்த இயந்திரம் மறுமொழி சொல்லும்?

சூதாட்டத்துக்காக நாம் வாதாட வரவில்லை. அது குடும்பங்களைக் குலைப்பதை நாம் அறிவோம். அதைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் அரசுக்குள்ள அதிகாரத்தையும் மறுக்கவில்லை. தருமன் சூதாடி நாடிழந்தான் என்பதை நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்டவர்கள். ஆயினும் அக்கதையில், தன்னைத் தோற்றவன் பிறகு என்னைப் பணயம் வைக்க உரிமையுடையவனா என்று பாஞ்சாலி எழுப்பியது சட்டக் கேள்வி. அதற்கு விடையிறுக்காது சபை வாளாவிருந்ததே சூதினும் பெரிய பழி. இன்று, “நான் தடையில்லாத இடத்திலேதான் நிற்கிறேன், நான் கட்டிய பணத்தை ஏன் மறிக்கிறீர்கள்?” என்று கேட்பவனுக்கும் அதே மௌனமே விடையாகிறது. மறுதரப்பைக் கேளாது தீர்ப்பில்லை என்பது இயற்கை நீதியின் முதற்பாடம். கேட்கச் செவியில்லாத ஒன்றிடம் தீர்ப்பை ஒப்படைத்தபின் அப்பாடம் எங்கே போயிற்று?

இலங்கையிலும் 2025-இல் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. விதிகள் வகுப்போர் மூன்றை மறவாதிருக்க வேண்டும். முதலாவது, இடத்தைக் காரணங்காட்டி மறுக்கப்பட்டவனுக்கு அக்காரணம் எழுத்தில் தரப்படல் வேண்டும். இரண்டாவது, அதை எதிர்த்து முறையிடவும், ஒரு மனிதர் குறித்த நாளுக்குள் ஆராய்ந்து முடிவு கூறவும் வழி வேண்டும். மூன்றாவது, ஆட்டம் மறுக்கப்பட்டாலும் அவன் கட்டிய பணம் தங்குதடையின்றித் திரும்பவேண்டும். வங்கிக் கணக்குக்கும் இணையவழித் தொழிலுக்கும் இதே ஊகம் காவல் நிற்கும் காலமாதலின், இவ்விதிகள் ஆட்டக்காரருக்கு மட்டும் உரியன அல்ல.

தொண்டைமானாற்று அணை, கடலின் உவர்நீரைத் தடுத்து மழைநீரைக் காப்பதற்கென்று கட்டப்பட்டது. எதைத் தடுப்பது, எதை விடுவது, எப்போது திறப்பது என்று பார்த்து நிற்க அங்கே ஆள் வேண்டும். ஆளில்லாத கதவு வெள்ளத்தில் வயலை அழிக்கும். அணை வேண்டாமென்று கமக்காரர் எவரும் சொல்லார். கதவுக்குப் பொறுப்பாளி யாரென்று கேட்பர். நாமும் அதையே கேட்கிறோம்.