பிள்ளையைக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் தாய்மாருக்கு



இம்மாதம் என் பிழையொன்றை ஒப்புக்கொண்டுதான் எழுதத் தொடங்க வேண்டியுள்ளது.

வலிகாமத்தில் நான் போய்வரும் கிராமமொன்றில் ஒரு தாய் இருக்கிறார். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. மகள் தரம் ஒன்றில் படிக்கிறாள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பிள்ளைக்கு இடது கண் பார்வை குறைவென்று கண்டு, கண் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள். "சின்னப் பரிசோதனைதான் அக்கா, அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டார். கண்ணுக்கு மருந்து விட்டதும் பிள்ளை அழுதிருக்கிறாள். இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டுமென்றதும் தாய்க்கு பஸ் போய்விடுமென்ற பயம். அடுத்த நாள் கொப்பியில் எழுத்துத் தெரியவில்லை என்றாள் பிள்ளை. "இருந்த பார்வையையும் கெடுத்துப்போட்டினம் மிஸ். இனிக் கொண்டுபோகமாட்டன்" என்று தாய் கோபித்துக்கொண்டார்.

அந்தக் கோபம் நியாயமானது. அங்கே என்ன நடக்குமென்று நான் சொல்லவில்லை, எனக்கே தெரிந்திருக்கவில்லை. ஐந்து மாதங்களின் பின், நானும் கூட வருவதாகச் சொன்ன பிறகே சம்மதித்தார். அன்று கண்டதையும் கேட்டறிந்ததையும் உங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கேள்விகள் கேட்பார்கள். பிள்ளை மாதம் நிறைந்து பிறந்ததா, குடும்பத்தில் சிறுவயதிலேயே கண்ணாடி போட்டவர்கள், வாக்குக்கண் உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். பாடசாலைக் கடிதத்தையும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

அடுத்து, 6 மீற்றர் தூரத்தில் உள்ள எழுத்து அட்டையை ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்வார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் படம் காட்டுவார்கள். எங்கள் பிள்ளை இடது கண்ணை மூடியபோது சின்ன எழுத்து வரை சொன்னாள். வலது கண்ணை மூடியதும் கையைத் தட்டிவிட்டாள், விரலிடுக்கால் எட்டிப் பார்த்தாள். "குழப்படி செய்யாதை!" என்று தாய் அதட்டினார். பரிசோதித்தவர் சொன்னார்: "குழப்படி இல்லை அம்மா. மற்றக் கண்ணாலை பிள்ளைக்குத் தெரியேல்லை."

தாய் வாயடைத்துப் போனார். "ஊசிக்கு நூல் கோத்துத் தாறவள் மிஸ்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். நல்ல கண் இரண்டு கண்ணின் வேலையையும் செய்துவிடும். பிறந்ததிலிருந்து அப்படியே பார்க்கும் பிள்ளைக்கு அது குறையென்று தெரியாது. அதனால் முறையிடவும் மாட்டாது.

பிறகு சொட்டு மருந்து. சிறிது எரியும். கண்மணி விரிந்து மருந்து வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். அதன் பின் வைத்தியர் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சி, வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்து அளவெடுப்பார். பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை என்பதால், பேசத் தெரியாத குழந்தைக்கும் இப்படி அளவு பார்க்கலாம். வெயில் கூசும், கிட்டப் பார்வை மங்கும். மருந்தைப் பொறுத்து இது ஒரு நாளிலும் தெளியலாம், ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். எத்தனை நாளென்று கேட்டு, ஆசிரியருக்கும் அறிவியுங்கள். பார்வை கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். காய்ச்சலோ முகச் சிவப்போ கண்டால் மட்டும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆகவே அன்றைய நாளை முழுதாக ஒதுக்கி வையுங்கள். சாப்பாடு, தண்ணீர், தொப்பி கொண்டுபோங்கள். "கொஞ்சம் எரியும், பிறகு சரியாகும்" என்று பிள்ளைக்கு முதலே சொல்லுங்கள்.

எங்கள் பிள்ளைக்குக் கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினமும் சில மணித்தியாலம் மூடிவைக்கும் ஒட்டும் கொடுத்தார்கள். "பொம்பிளைப் பிள்ளை, கண்ணாடி போட்டா நாளைக்கு ஆர் கட்டுவினம்?" என்று தாய் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் வைத்தியர் சொன்னார்: "பாவிக்காத கண்ணை மூளை கைவிட்டிடும் அம்மா. ஏழெட்டு வயதுக்குள்ள பழக்கினால்தான் நல்லாத் திரும்பும்." தாய் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான்தான், வீணாய்ப்போன ஐந்து மாதங்களை எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன்.

பிள்ளை தலையைச் சரித்துப் பார்த்தால், வெயிலில் ஒரு கண்ணை மூடினால், தொலைக்காட்சிக்கு முன்னால் ஒட்டி இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாக்குக்கண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பாடசாலைக் கடிதம் அலுமாரியில் கிடந்தால், இன்றே எடுத்து வெளியில் வையுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.